அரிவரி படிப்பிக்கவும் ஒரு படிப்பா?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், எமது அயலில் வசிக்கும் அம்மையார் ஒருவர் கையிற் கடிதத்துடனும் ஐந்து வயதுப் பேரனுடனும் எம்மிடம் வந்தார். க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய அவருடைய இளைய புதல்வியைத் தேசிய கல்வியியற் கல்லூரியொன்றின் ஆரம்பக் கல்வி நெறிக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். அம்மையாரின் முகத்திலோ மலர்ச்சியைக் காணோம்.

"கம்பஸ்தான் கிடைக்கேல்லை. இதாவது கிடைச்சுதே எண்டால், அரிவரிப் பிள்ளையளுக்குப் படிப்பிக்க மூண்டு வருசம் படிக்க வேணுமாம். அ, ஆ எழுத எனக்கும் தெரியுந்தானே, தம்பி?" என்றார்.

அவரைக் குறை கூற நாம் முன்வரோம். உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் கற்பிப்பவரை வீதியிற் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிறோம். 'அரிவரி வாத்தியார்' என்பதையோ ஒரு பகிடிப் பெயராகவே வைத்திருக்கிறோம். பிள்ளை ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நெருங்கும்போதுதான் ஆசிரியர் யாரென்று விசாரிக்கவே தொடங்குகிறோம். முதலாந் தரத்தில் யார் படிப்பித்தார் என்பது யாருக்கும் நினைவில்லை.

அம்மையாருக்கு நாம் உடனே மறுமொழி கூறவில்லை. புளியங்கொட்டைகள் சிலவற்றை எடுத்து, விறாந்தையில் ஆறு கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேரே வேறு ஆறு கொட்டைகளை இன்னொரு வரிசையாகவும் அடுக்கினோம். "இரண்டும் சரியோ?" என்று பேரனைக் கேட்டோம். "சரி" என்றான். பின்னர், அவன் பார்த்திருக்கவே, ஒரு வரிசையை மட்டும் நீட்டி இடைவெளிவிட்டு வைத்தோம். "இப்போது எதிலே கூட?" நீண்ட வரிசையைத் தொட்டுக் காட்டினான். எண்ணச் சொன்னோம். இரண்டிலும் ஆறு என்று பிழையின்றி எண்ணினான். மறுபடி கேட்டபோதும் நீண்ட வரிசையையே தொட்டான்.

"மொக்கா! ஆறும் ஆறும் சரிதானேடா!" என்று அம்மையார் குட்டுவதற்குக் கையை ஓங்கிவிட்டார்.

அந்தக் கையைத் தடுப்பதற்குத்தான் அம்மூன்று வருடங்களும் என்று நாம் கூறினோம். சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) இத்தகைய சோதனைகளைப் பல பிள்ளைகளிடம் நடத்தி, எண்களை வரிசையாகச் சொல்வது வேறு, எண்ணிக்கையை உணர்வது வேறு என்று காட்டினார். ஐந்து வயதிற் பல பிள்ளைகளுக்கு நீளமும் எண்ணிக்கையும் இன்னும் பிரியவில்லை. ஆறு, ஏழு வயதளவிற் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. இதை அறியாத ஆசிரியர், வாய்ப்பாட்டைப் பாடமாக்குவித்துவிட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிட்டதென்று நம்புவார். வராதபோது பிரம்பைத் தேடுவார்.

நிற்க. பியாஜேயின் முடிவை அப்படியே ஏற்பதும் தவறு. 1970களில் மார்கரெட் டொனால்ட்சன், ஜேம்ஸ் மக்கரிகிள் என்னும் இருவர், கொட்டைகளைத் தாம் நகர்த்தாமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மையொன்று வந்து குழப்பிவிட்டதாக விளையாட்டுக் காட்டிக் கேட்டனர். அப்போது மிகப் பல பிள்ளைகள் சரியாகவே விடை கூறினர்! பெரியவர் ஒரு கேள்வியை மறுபடி கேட்டால், முன் சொன்னது பிழை போலும் என்று பிள்ளை விடையை மாற்றிவிடுகிறதோ என்ற ஐயம் இதனால் எழுந்தது. ஆகவே பிழை பிள்ளையிடமா, நாம் கேட்ட விதத்திலா என்று ஆராய்வதும் ஆசிரியரின் தொழிலாயிற்று.

மொழியின் கதை இதனினும் சுவையானது. தமிழில் எழுத்துக்கள் 247. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். அது வழிபாடு, அப்படியே இருக்கட்டும். ஆனால் பிஞ்சு விரல்களுக்கு 'அ' எளிய எழுத்தன்று. நேர்கோடுகளால் ஆன ட, ப ஆகியவற்றையும், அவற்றை அடுத்து 'ம'வையும் முதலிற் காட்டினால், கை இலகுவாகப் பழகும். மெய்யின் புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம் என்று சில நாட்களிலேயே பிள்ளை சொற்களை வாசித்துவிடும்.

இன்னொன்று. நரைத்த தாடியுடன் ஒரு முதியவரின் படத்தைக் காட்டி, "இவர் யார்? தாத்தா!" என்று ஆசிரியை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையகப் பிள்ளை தலையசைக்கும். முஸ்லிம் பிள்ளை விழிக்கும் அல்லது சிரிக்கும். ஏனெனில் நம் நாட்டு முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் 'தாத்தா' என்றால் அக்கா! சிங்கள அயலவருடன் விளையாடும் பிள்ளைக்கோ அச்சொல் தந்தையைக் குறிக்கும். மூவரும் தத்தம் வீட்டிற் கற்றதைச் சரியாகவே கற்றிருக்கிறார்கள். பயிலாத ஆசிரியர் ஒரு பிள்ளைக்குச் சரியும் மற்றிரு பிள்ளைகளுக்குப் பிழையும் இடுவார்.

முற்காலத் திண்ணைப் பள்ளியில் இவ்வாராய்ச்சிக்கு இடமிருக்கவில்லை. சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர் திருப்பிச் சொன்னார்கள். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பாடசாலையை நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம்மவர் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பாடசாலையிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் நூலாகவும் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்று இங்கிலாந்து வரை சென்றது. செலவு குறைவுதான், மனனத்துக்கு அது போதும்.

நம் நாட்டிற் கோப்பாய், கொட்டகலை முதலிய ஆசிரிய கலாசாலைகள், முன்பே பணியிற் சேர்ந்து பயிற்சியின்றிக் கற்பித்து வந்த ஆசிரியர்கள் பலரை அழைத்துப் பயிற்றின. 1980களின் நடுப்பகுதியிற் தொடங்கிய கல்வியியற் கல்லூரிகளோ பயிற்றிய பின்னரே வகுப்புக்கு அனுப்ப முற்பட்டன. இரண்டு வருடம் விடுதி வாழ்க்கை. மூன்றாம் வருடம் பாடசாலையிற் கட்டுறு பயில்வு. நிறைவிற் கற்பித்தலுக்கான தேசிய டிப்ளோமா. நியமனம் பல வேளைகளில் வீட்டுக்குத் தொலைவான பாடசாலைக்கே கிடைக்கிறது என்பதையும் அம்மையாரிடம் நாம் மறைக்கவில்லை.

இத்தகைய ஆசிரிய மாணவி ஒருவரின் பாடத்தை ஒருமுறை பின்வாங்கில் அமர்ந்து பார்த்திருக்கிறோம். இரவெல்லாம் விழித்து வர்ணக் கடதாசியில் வெட்டிய பறவைகள். அழகான பாடக் குறிப்பு. அரை மணி நேரப் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது! வெண்கட்டியும் கையுமாக அப்பெண் நின்ற நிலை இன்னும் எம் கண்ணில் நிற்கிறது. மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "மூன்றாம் வரிசைப் பிள்ளை ஏன் ஒன்றும் எழுதவில்லை?" என்று மட்டும் கேட்டார். அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. அப்பிள்ளையிடம் பென்சில் இல்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பயின்றவரை, மேல்வகுப்புக்கு ஆளில்லை என்று அங்கே அனுப்பிவிட்டு, முதலாந் தரத்தை யாரேனும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட பாடசாலையொன்றையும் நாம் அறிவோம். அதிபருக்கு அவருடைய இடர். ஆயினும் பெற்றோர் எவரும் அதைக் கேட்கவில்லை என்பதுதான் எமக்கு உறுத்துகிறது.

அம்மையார் வெகுநேரம் பேசாதிருந்தார். பேரன் கொட்டைகளை மேலும் நீட்டி வைத்து, "இப்ப இன்னும் கூட" என்று தானே மகிழ்ந்துகொண்டிருந்தான். புறப்படும்போது கடிதத்தை மடித்தவாறே, "விடுதியெண்டால் தலையணை, பாய் எல்லாம் நாங்களே குடுத்துவிட வேணுமோ, தம்பி?" என்று கேட்டார்.