மாவு பிசையும் இயந்திரம்: வாங்குமுன் ஒரு கணக்கு

கொல்கத்தாவுக்கும் கேக்கிற்கும் உள்ள உறவு பழமையானது. நியூ மார்க்கெட்டின் நாஹூம் அடுமனை 1902-இலும், பார்க் தெருவின் ஃப்ளூரிஸ் 1927-இலும் தொடங்கப்பெற்றவை. வங்காளிகள் ‘பெரிய நாள்’ என்றழைக்கும் கிறிஸ்துமஸ் நெருங்குகையில், அந்நகரின் இல்லங்களிலும் ஓவன்கள் சூடேறுகின்றன. உடன் எழும் வினா: ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கலாமா?

இதன் சிறப்பு, துடுப்பு தானும் சுழன்று, கிண்ணத்தையும் கோளைப்போல் வலம்வருவது. அமெரிக்காவில் 1919-லேயே இது வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டது.

மாதம் ஒருமுறை கேக் செய்வோருக்குக் கையடக்க மிக்ஸரே போதும். வாரந்தோறும் ரொட்டி மாவு பிசைவோருக்கே ஸ்டாண்ட் மிக்ஸர் பயன்தரும். வாட் எண்ணைக் கண்டு மயங்கவேண்டா. அது மின்நுகர்வையே குறிக்கும், பிசையும் வலிமையை அன்று. ஒரு தடவைக்கு எவ்வளவு மாவு பிசையலாம் என்று கையேட்டில் பாருங்கள். மிகப் பெரிய கிண்ணத்தில் ஓரிரு முட்டைகள் துடுப்புக்கு எட்டா. அமெரிக்க உறவினர் தரும் 120 வோல்ட் இயந்திரம் நம் 230 வோல்ட்டில் பழுதாகும். பழுதுநீக்கும் மையம் உங்கள் ஊரில் உள்ளதா என்பதையும் விசாரியுங்கள்.

இறுதியாக, ‘வட்டியில்லாத் தவணை’. பூஜ்ய வட்டி என்று ஒன்றில்லை என ரிசர்வ் வங்கி 2013-லேயே தெளிவுபடுத்தியுள்ளது. ரொக்கத் தள்ளுபடியை இழப்பதும், செயலாக்கக் கட்டணமும் வட்டியின் மறுவடிவங்களே. ரொக்க விலையையும் தவணைகளின் மொத்தத்தையும் ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.