சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டிய வண்டி: பழைய லேண்ட் ரோவர் ஓர் அறிமுகம்

ஒரு வண்டியை நம்பத்தக்கது என்று சொல்லும்போது இருவேறு இயல்புகள் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பழுதில்லாமல் ஓடுவது ஒன்று. பழுதானாலும் நின்ற இடத்திலேயே, கைவசம் உள்ள கருவிகளைக் கொண்டே சரிசெய்து மீண்டும் கிளப்பிவிட முடிவது மற்றொன்று. இன்றைய வாகனங்களில் முதலாவது மிகுந்தும் இரண்டாவது அருகியும் காணப்பட, 1948 முதல் 1985 வரை இங்கிலாந்தின் சோலிஹல் நகரில் மூன்று வரிசைகளாகத் தயாரான பழைய லேண்ட் ரோவர் வண்டிகளில் இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. அவை ஓயாமல் பழுதாகின்றன. ஆயினும் அவற்றுள் கணிசமானவை அறுபது, எழுபது ஆண்டுகள் கடந்தும் இன்னும் மலையேறிக்கொண்டிருக்கின்றன. இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதை அந்த வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸைச் சேர்ந்த ஆங்கிள்சீ தீவில் இருந்த தம் பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வேலைக்கு வைத்திருந்தார். அந்த ஜீப் தேய்ந்து ஓய்ந்துவிட்டால் அதனிடத்தில் வாங்குவதற்கு வேறு வண்டி இல்லை என்ற எண்ணத்திலிருந்தே, உழவருக்குப் பயன்படும் நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைச் செய்யும் திட்டம் 1947இல் உருவாயிற்று. முதல் மாதிரி வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. இவ்வகை வண்டி எதுவானாலும் ஜீப் என்றே அழைக்கும் தமிழ்ப் பேச்சு வழக்குக்கு, ஆகவே, வரலாற்று நியாயமும் உண்டு. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் மட்டுமே கிடைத்தது. விமானத் தொழிலின் தேவை குறைந்ததால் அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. எனவே மேற்கூடு பிர்மாபிரைட் எனப்படும் அலுமினிய–மக்னீசியக் கலவைத் தகட்டால் செய்யப்பட்டது. தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய அச்சுகளுக்குச் செலவிட விரும்பாததால், பெரும்பாலும் நேர்கோடுகளும் எளிய வளைவுகளுமே கொண்டதாக உருவம் அமைந்தது. தகடுகள் போல்ட்டுகளாலும் ரிவெட்டுகளாலும் இணைக்கப்பட்டன. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானபோது, ரோவரின் கார் வணிகம் மீளும்வரை சில ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்க உதவும் இடைக்கால ஏற்பாடாகவே நிறுவனத்தார் அதைக் கருதியிருந்தனர்.

பற்றாக்குறையில் பிறந்த இந்த எளிமையே, இவ்வண்டியை வைத்திருப்போருக்கு இன்றும் கிடைக்கும் முதன்மையான மகிழ்ச்சிக்குக் காரணம். முன்பக்கச் சிறகுத் தகடு நசுங்கினால் சில போல்ட்டுகளைக் கழற்றி அதைத் தனியே எடுத்துவிடலாம். கதவு, கூரை, கண்ணாடிச் சட்டம் என ஒவ்வொன்றையும் சாதாரண ஸ்பேனர்களால் பிரித்துவிடலாம். பேட்டரி இறங்கிப்போனால் முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே இயந்திரத்தை உயிர்ப்பிக்கலாம். எந்த உறுப்பும் மூடிய பெட்டிக்குள் ஒளிந்திருப்பதில்லை. ஒவ்வொன்றின் வேலையும் கண்ணால் பார்த்தே விளங்கிக்கொள்ளத்தக்கதாக உள்ளது. ஓர் இயந்திரத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளும் இன்பம் இன்று பெரும்பாலோருக்குக் கிட்டாத ஒன்று என்பதை நினைத்தால், இந்த வண்டி தரும் கல்வியின் மதிப்பு சிறிதன்று.

மலையேறும் ஆற்றலின் இரகசியம் இயந்திரத்தின் வலிமையில் இல்லை. முதல் வண்டியின் 1.6 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் ஏறத்தாழ 50 குதிரைத்திறனையே தந்தது. 1958இல் வந்த இரண்டாம் வரிசைக்குரிய 2.25 லிட்டர் இயந்திரமும் 80ஐ எட்டவில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் பொருத்தப்பட்டுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இரண்டாவது பற்சக்கரப் பெட்டிதான், இந்தச் சிறு ஆற்றலை முன், பின் அச்சுகளுக்குப் பகிர்ந்தளிப்பதோடு, தேவையானபோது வேகத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைத்து அதே அளவுக்கு இழுவிசையைப் பெருக்கியும் தருகிறது. ஓட்டுநர் இருக்கையின் முன் நிற்கும் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களும் இயக்கத்தில் இணைகின்றன. சிவப்புக் குமிழ் கொண்ட நெம்பை இழுத்தால் தாழ்நிலைக் கியர் விழுகிறது. அப்போது வண்டி மனிதர் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, கல்லுக்குக் கல் சக்கரம் வைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமலேயே ஊர்ந்து ஏறுகிறது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இயந்திரத்தின் தடையே வண்டியைப் பிடித்து நிறுத்திக் கொண்டுவருகிறது. வேகத்தை இன்பமாகக் கொண்டோருக்கு இது விளங்குவதற்குச் சற்றுக் காலம் பிடிக்கும். பழகியவர்களுக்கோ இதற்கு இணையான ஓட்டுதல் வேறில்லை.

ஆனால் இந்த அமைப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டைச் சரிசெய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழியில் செல்கின்றன. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கி இந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ள, இறுகிய தார்ச்சாலையில் அதற்கு வழியில்லாமல் முறுக்கு முழுவதும் அச்சுத் தண்டுகளில் சேர்கிறது. மஞ்சள் குமிழை விடுவிக்க மறந்து சாலையில் தொடர்ந்து ஓட்டுவோரும், சேற்றில் சிக்கிய வண்டியைக் கிளட்ச்சைத் திடீரென விட்டுக் கிளப்ப முயல்வோரும் பின் அச்சில் ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டு முறியும் ஓசையை என்றேனும் ஒருநாள் கேட்க நேரிடும். பட்டறைகளில் ‘ஆக்ஸில் கட்டாகிவிட்டது’ என்று சொல்வது இதைத்தான். இயந்திரம் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. பின் அச்சின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள டிஃபரன்ஷியல் தன் இயல்புப்படி, தடையற்ற முறிந்த பக்கத்துக்கே சுழற்சி முழுவதையும் அனுப்பிவிடுவதே காரணம்.

இந்த இடத்தில்தான் வண்டியின் இரண்டாவது இயல்பு வெளிப்படுகிறது. இதன் அச்சு முழுமிதவை வகையைச் சேர்ந்தது. அதாவது வண்டியின் எடையை அச்சைச் சுற்றியுள்ள குழாயும் அதன் முனையிலுள்ள பேரிங்குகளும் தாங்கிக்கொள்ள, உள்ளே இருக்கும் தண்டுக்குச் சுழற்றுவது ஒன்றே வேலை. ஆகவே தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று விழுவதில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, வட்டத் தட்டை நெம்பி இழுத்தால், சக்கரத்தைக் கழற்றாமலேயே முறிந்த தண்டின் வெளிப்பாதி கையோடு வந்துவிடும். டிஃபரன்ஷியலுக்குள் சிக்கிய உட்துண்டை மீட்பதற்குப் பொறுமை வேண்டும். மறுபக்கத் தண்டையும் உருவிவிட்டு நீண்ட கம்பியால் குத்தித் தள்ளுவது பழக்கத்தில் உள்ள வழி. பின்னர் புதிய தண்டைச் செருகி போல்ட்டுகளை முடுக்கினால் வேலை முடிந்தது. மாற்றுத் தண்டு கையில் இல்லையென்றாலும் கவலையில்லை. மஞ்சள் குமிழை அழுத்தி, முன் சக்கரங்களின் இழுவையால் மட்டுமே மெல்ல ஊர் வந்து சேரலாம். அனுபவமுள்ளோர் இருக்கைக்கு அடியில் ஓர் அரைத்தண்டை எப்போதும் வைத்திருப்பது இதனால்தான்.

உரிமையாளரின் மனத்தை உண்மையில் உடைப்பது துருவே. மேற்கூடு அலுமினியம் என்பதால் இவ்வண்டி துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குவோர் பலர். ஆனால் அடிச்சட்டமும், இயந்திரத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையே நிற்கும் தடுப்புச் சுவரும் எஃகால் ஆனவை. நான்கு எஃகுப் பட்டைகளை ஓரங்களில் பற்றவைத்துப் பெட்டி வடிவக் குழலாக அமைக்கப்பட்ட அடிச்சட்டம் முறுக்குக்கு ஈடுகொடுக்கும் வலிமை கொண்டது. ஆயினும் அதன் உட்புறத்தில் புகும் ஈர மண் வெளியேற வழியின்றித் தங்கி, வெளியே வண்ணம் மெருகுடன் இருக்கும்போதே உள்ளிருந்து எஃகைத் தின்றுவிடுகிறது. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் பிரிட்டனில் இந்த அழிவு இன்னும் விரைவு. அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இணைப்புகளில் மற்றொரு கேடும் உண்டு: ஈரம் பட்டதும் அந்த இடம் சிறிய மின்கலம் போலச் செயல்பட்டு, வினைத்திறன் கூடிய அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிர்கிறது.

பழைய லேண்ட் ரோவரை வாங்கச் செல்பவர் ஒரு சிறு சுத்தியலுடன் தரையில் படுத்துப் பார்ப்பதே முறை. அடிச்சட்டத்தின் ஒவ்வொரு சாணையும் தட்டிக்கொண்டே வரும்போது, நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் நனைந்த பலகையைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்கும். அவ்விடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினால் வண்ணப் பூச்சு விரிந்து, செதில் செதிலாகத் துரு கொட்டும். பின்பக்கக் குறுக்குச் சட்டமும், தடுப்புச் சுவரைத் தாங்கும் பக்கக் கைகளும், ஓட்டுநரின் பாதம் படும் தகடும் முதலில் போகக்கூடியவை. ஒரு துளையை அடைக்கப் புகுந்தவர், பற்றவைப்பதற்கு ஏற்ற திடமான விளிம்பைத் தேடித் தேடி வெட்டிக்கொண்டே போய், மாலைக்குள் முழக்கை நீளத்துக்குச் சட்டத்தை இழந்து நிற்பது இத்துறையில் அன்றாட நிகழ்ச்சி. துத்தநாக முலாம் பூசிய புதிய அடிச்சட்டங்கள் இப்போது பிரிட்டனில் விற்பனைக்குக் கிடைக்கின்றன; ஆனால் அடிச்சட்டத்தை மாற்றுவதென்றால் வண்டி முழுவதையும் பிரித்தாக வேண்டும்.

மின்சுற்றில் வரும் கோளாறுகளும் பெரும்பாலும் இந்தத் துருவின் பிள்ளைகளே. விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டம் வண்டியின் உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புவதால், இணைப்புகளில் உப்பும் ஆக்சைடும் படிந்தால் ‘எர்த் கிடைக்காமல்’ விளக்குகள் மங்குகின்றன. தீப்பொறியின் காலத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் நான்கு சிலிண்டர்களுக்குமாக நொடிக்கு நூறு முறை பிரிந்து சேர்பவை. அவை கருகித் தேய்வது இயல்பு. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி அளக்கும் தகட்டைச் செருகிச் சரிபார்த்தால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும்.

எண்ணெய் ஒழுகுவது இவ்வண்டியின் நிலையான அடையாளம். காகிதத்தாலும் தக்கையாலும் ஆன அடைப்புகள் காலத்தால் சுருங்குகின்றன. முன் சக்கரம் திரும்புவதற்கான குரோமிய உருண்டை துருவால் குழிவிழுந்ததும் அதன் வழியே எண்ணெய் வெளியேறுகிறது. இதையும் பயனுள்ள செய்தியாக வாசிக்கப் பழகுவதே நல்ல உரிமையாளரின் தேர்ச்சி. இரவு நிறுத்திய இடத்தில் காலையில் காணும் சொட்டு கறுத்து நீர்த்திருந்தால் இயந்திரத்தினுடையது. தடித்து, கந்தக வாடை வீசினால் அச்சிலிருந்தோ டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்தோ வந்தது. சக்கரத்தின் உட்புறத்தில் தெளிந்த திரவமாக வழிந்திருந்தால் பிரேக் ஆயில், அன்று வண்டியை எடுக்கவே கூடாது. பெரும்பாலான பழைய வண்டிகளில் பிரேக் ஒரே சுற்றாக அமைந்திருப்பதால், ஒரு குழாய் போனால் நான்கு சக்கரங்களுக்கும் போய்விடும்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு, அலுவலகத்துக்குச் சென்று திரும்ப ஒரே வண்டியாக இதை வாங்க எண்ணுபவரைத் தடுப்பதே நேர்மை. லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் கிடைக்கும். மழையில் கதவு இடுக்குகளில் நீர் வடியும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. விடுமுறை நாட்களில் பாதி, இறுகிப்போன ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டுவதில் கழியும்; வீட்டாரின் பொறுமையும் உதிரிப் பாகங்களின் பட்டியலில் சேர்த்து எண்ணத்தக்கதே. நேரம் உள்ளவருக்கும், வேறொரு வண்டி வைத்திருப்பவருக்கும் மட்டுமே இது ஏற்றது.

உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் அது வேறு வண்டியாகிவிடுகிறது என்ற கேள்வி தத்துவ வகுப்புக்குரியதாகத் தோன்றினாலும், பிரிட்டனில் அதற்கு வாகனப் பதிவு விதியே நெடுங்காலம் விடை வகுத்திருந்தது. பெரிதும் மாற்றப்பட்ட வாகனம் தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. அதில் அடிச்சட்டத்துக்கு ஐந்தும், அச்சுகளுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இரண்டிரண்டும் வழங்கப்பட, இயந்திரத்துக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சீரமைத்த பிறகும் அதே வண்டியாகவே எண்ணப்படுவதற்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் லண்டனிலிருந்து சிங்கப்பூர்வரை தரைவழியே ஓட்டிச்சென்ற இரு லேண்ட் ரோவர்களுள் ஒன்று, பல்லாண்டுகள் கழித்து அட்லாண்டிக் கடலின் செயின்ட் ஹெலினா தீவில் சீரழிந்த நிலையில் மீட்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது; 2019இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு லண்டனுக்குத் திரும்பி ஓடி வந்தது.

இயந்திரத்துக்கு ஒரே புள்ளி என்ற கணக்கின் பொருத்தத்தை டார்ஜிலிங் மாவட்டத்து மானேபன்ஜாங் சிற்றூரில் நேரில் காணலாம். தேயிலைத் தோட்டத் துரைமார்கள் விட்டுச்சென்ற முதல், இரண்டாம் வரிசை லேண்ட் ரோவர்கள், அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூ சிகரத்துக்குப் பயணிகளையும் அரிசி மூட்டைகளையும் எரிவாயு உருளைகளையும் பல தலைமுறைகளாகச் சுமந்துவந்துள்ளன. பலவற்றின் முகப்பு மூடிக்குள் இப்போது இருப்பது இந்திய டீசல் இயந்திரம். ஓட்டுபவரே மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டிய பாதை அது. கொண்டைஊசி வளைவில் ஒரே மடக்கில் திரும்ப முடியாமல் வண்டி பின்வாங்கும்போது உதவியாளர் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்க, ஓட்டுநர் ஸ்டீயரிங்கை மறுபடி ஒடித்துத் தாழ்நிலைக் கியரில் கிளட்ச்சை மெல்ல விடுகிறார். பற்சக்கரங்களின் முனகலோடு வண்டி அடுத்த கல்லின் மேல் ஏறுகிறது.