உங்களுக்குத் தெரியுமா? கிரவுன், பினியன், நடுவில் ஒரு இடைவெளி

● காரை வளைத்து ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட ஏறக்குறைய 9 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இரு சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர் இருந்தால் கணக்கு சரியாக 8.8 மீட்டர். முச்சந்தியில் திருப்பினாலும் விளையாட்டு மைதானத்தையே சுற்றி வந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. வட்டத்தின் அளவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இந்தக் கூடுதல் ஓட்டத்துக்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. அது இல்லையென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒரு டயர் தரையில் இழுபட்டுத் தேயும்.

● மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அச்சு அசையாமல் நிற்க, சக்கரங்கள் தனித்தனியாகச் சுழல்கின்றன, இழுப்பது மாடு. அச்சே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் என்று வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. கடிகாரத் தொழிலில் இருந்து வந்த பிரெஞ்சுக்காரர் ஒனேசிஃபோர் பெக்கூர், 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்காக ஒரு டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1877-ல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி அதை மூன்று சக்கர மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். 1886-ல் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியபோது, வழி ஏற்கெனவே போட்டிருந்தது.

● ரயில் பெட்டிக்கு டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகி, சேர்ந்தேதான் சுழலும். ஆனால் சக்கரத்தின் ஓடுபரப்பு லேசாகக் கூம்பு வடிவம். வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகரும்போது வெளிச் சக்கரத்தின் பருமனான பகுதியும் உள் சக்கரத்தின் சிறுத்த பகுதியும் தண்டவாளத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. பற்களே இல்லாமல் அதே வேலை முடிந்துவிடுகிறது!

● “என் கார் முன்சக்கர டிரைவ், எனக்கு டிஃபரன்ஷியல் இல்லை” என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கிறது; கியர்பாக்ஸோடு சேர்ந்து உள்ளே ஒளிந்திருக்கிறது. மூன்று சக்கர ஆட்டோவிலும் உண்டு, ஒரே மோட்டார் உள்ள மின்சாரக் காரிலும் உண்டு. பின்னால் உருண்டையாகத் தொங்கி, கழற்றிப் பழுது பார்க்கும்படி இருப்பது பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா, ஈகோ, பழைய அம்பாசடர் போன்ற பின்சக்கர டிரைவ் வண்டிகளில். இனி வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த உருண்டைக்குள் நடக்கும் சங்கதி.

● புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் சின்னப் பல்சக்கரம், பினியன். அது திருப்பும் பெரிய வளையம், கிரவுன். பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 4.10, அதாவது டயர் ஒரு சுற்று சுற்ற பினியன் நான்குக்கும் மேலே சுற்ற வேண்டும். டயரின் சுற்றளவை 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கிலோமீட்டரில் பினியன் சுற்றியிருப்பது 20 கோடிக்கும் அதிகமான சுற்று. அத்தனையும் பத்துப் பல்லின் முதுகில்.

● 40-க்கு 10 என்று முழு எண்ணாக வைத்தால் கணக்கு எளிதுதானே, ஏன் 41? காரணம் இருக்கிறது. 40-க்கு 10 என்றால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அதே நான்கு பற்களையே காலமெல்லாம் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அந்த நான்கும் சேர்ந்து கெடும். 41-க்கு 10 என்றால் ஒவ்வொரு பல்லும் எதிரே இருக்கும் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கிறது; அதே ஜோடி மறுபடி கூட பினியன் 41 சுற்று சுற்ற வேண்டும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பங்காகிவிடும்.

● பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே இறங்கி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹைப்பாயிட் என்று பெயர். 1926 வாக்கில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் இதைக் காருக்குக் கொண்டுவந்தது. ஷாஃப்ட் தாழ்ந்ததால் காரின் தரையும் தாழ்ந்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஹைப்பாயிட் பற்கள் உருளுவதோடு நிற்காமல் ஒன்றன் மேல் ஒன்று அழுத்தமாக வழுக்குகின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துவிடும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜிஎல்-5 ரக ஆயில் வேண்டும். கடையில் “90 ஆயில் கொடுங்க” என்று மட்டும் கேட்டால் போதாது. டப்பாவில் ஜிஎல்-5 என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் கந்தகத்தின் கொடை.

● ஆயில் மாற்றும்போது முதலில் திறக்க வேண்டியது மேலே இருக்கும் நிரப்பும் போல்ட்டை. ஆயிலை வடித்துவிட்ட பிறகு அது துருப்பிடித்து வராமல் போனால், வெறும் ஆக்சிலோடு வண்டி அங்கேயே நிற்கும்.

● பின்னால் இருந்து “உய்ய்ய்” என்று சத்தம் கேட்டதும் கிரவுன் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். சாலை மாறும்போது சத்தம் மாறினால் டயரைச் சந்தேகப்படுங்கள். வண்டியை இடமும் வலமும் லேசாக ஒடிக்கும்போது ஏறி இறங்கினால் சக்கர பேரிங். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால், அல்லது காலை எடுத்தால் மட்டும் கேட்டால், அப்போதுதான் கிரவுன் பினியன் பக்கம் போக வேண்டும். மிதிக்கும்போது பல்லின் ஒரு பக்கமும், காலை எடுத்தால் மறுபக்கமும் சுமை தாங்குகின்றன. எந்தப் பக்கம் கெட்டதோ அந்தப் பக்கம் கத்துகிறது. ரிவர்ஸிலிருந்து முன்னால் போடும்போது “டொக்” என்று ஒரு அடி கேட்டால் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் கிராஸையும், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியனையும் ஆட்டிப் பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் ஆக்சிலைப் பிரிக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்பேன்.

● வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். விரலால் தடவும்போது வழவழவென்று இருக்க வேண்டும். நெருநெருவென்று பட்டாலோ, நகக்கண்ணில் மாட்டும் அளவுக்குத் துண்டு கிடைத்தாலோ உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

● “அண்ணே, பினியன் பல்லு மட்டும்தான் போயிருக்கு, கிரவுன் நல்லாத்தான் இருக்கு. பினியன் மட்டும் பழசு ஒண்ணு போட்டுரலாமா?” எல்லாப் பட்டறையிலும் எப்போதாவது எழும் கேள்வி. பதில்: கூடவே கூடாது. தொழிற்சாலையில் ஒரு கிரவுனையும் ஒரு பினியனையும் சேர்த்துச் சுழலவிட்டு, ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். அந்த எண் பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் முதல் நாளே ஊளைச் சத்தம் கேட்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் உதிரும். பெட்டியைப் பிரித்ததும் இரண்டிலும் எண் ஒன்றுதானா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். கூடவே பேரிங், ஆயில் சீல், பினியன் நட் எல்லாம் புதுசாகவே போகட்டும். பழைய பேரிங்கை வைத்து மிச்சம் பிடிக்கிற பணம், மறுபடி பிரிக்கும் கூலிக்கு வராது.

● கழற்றும் முன் மூன்று இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் எந்த நிலையில் சேர்ந்திருந்தன என்பதற்கு ஒன்று. மாறினால் வண்டி அதிரலாம். மற்ற இரண்டும் பேரிங் மூடிகளுக்கு, இடம் எது வலம் எது என்று. அந்த மூடிகளை வெளிக்கூடான ஹவுசிங்கோடு சேர்த்தே துளை போட்டிருக்கிறார்கள். மாற்றிப் போட்டால் பேரிங் கோணலாக உட்காரும்.

● சில அமெரிக்க ஆக்சில்களில், ஜிஎம்மின் 10 போல்ட், 12 போல்ட் வகைகளில், கிரவுனின் போல்ட்டுகளுக்கு இடது மரை. வழக்கம்போலத் திருப்பினால் கழலாது, இறுகும். பலம் கொடுத்துப் போல்ட்டை முறித்தவர்கள் ஏராளம்.

● ஹவுசிங்கில் இரண்டு சாதி. ஜீப் வகையில் பின்னால் மூடியைக் கழற்றி, ஆக்சிலுக்குள்ளேயே எல்லா வேலையும். அம்பாசடரிலும் 1957-ல் வந்த ஃபோர்டு 9 இஞ்ச் ஆக்சிலிலும் மொத்த டிஃபரன்ஷியலும் ஒரே பிண்டமாக முன்பக்கம் கழன்று வரும். மேசை மேல் வைத்து, குனியாமல், நல்ல வெளிச்சத்தில் வேலை பார்க்கலாம். வேலையின் தரத்துக்கு இரண்டாவதே மேல் என்பது என் கட்சி.

● இந்த வேலையின் உயிர் இருப்பது அளவில். பினியன் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்பதை அதன் பேரிங்குக்கு அடியில் போடும் மெல்லிய வளையத்தகடு, ஷிம், தீர்மானிக்கிறது. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, பட்டறைப் பேச்சில் ‘ப்ளே’, பல வண்டிகளில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். இரண்டு மூன்று தலைமுடியின் கனம். கையால் ஆட்டி “சரியாத்தான் இருக்கு” என்று சொல்ல முடிகிற அளவா இது? டயல் கேஜை ஹவுசிங்கில் ஊன்றி, அதன் முனையைக் கிரவுனின் பல்லில் முட்டவைத்து, பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். முள் எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் ப்ளே. ஒரே இடத்தில் பார்த்து நிறுத்தாமல், கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பார்க்க வேண்டும்.

அதோடும் முடியவில்லை. கிரவுனின் சில பற்களில் மஞ்சள் பூச்சோ பிரஷ்யன் புளூவோ தடவி, கிரவுனைக் கொஞ்சம் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுழற்றினால், பல் எங்கே படுகிறதோ அங்கே பூச்சு விலகித் தெளிவான தடம் விழும். தடம் பல்லின் நுனிக்கும் அடிக்கும் நடுவில் விழுந்தால் நல்லது. அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் மிகவும் உள்ளே போயிருக்கிறது. நுனிக்கு ஏறியிருந்தால் வெளியே நிற்கிறது. ஷிம்மை மாற்றி, மறுபடி கோத்து, மறுபடி பூசிப் பார்க்க வேண்டும். ஐந்தாறு முறைகூட ஆகும். அந்தத் தடத்தை வாடிக்கையாளரிடம் கூப்பிட்டுக் காட்டும் மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

● ஒவ்வொரு முறையும் பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து ஏற்றி இறக்கினால் அது பாழாகும். அனுபவசாலிகள் ஒரு பழைய பேரிங்கின் உள்துளையைத் தேய்த்துத் தளர்வாக்கி வைத்திருப்பார்கள். சோதனை எல்லாம் அதில். ஷிம் முடிவான பிறகுதான் புது பேரிங் ஏறும்.

● பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே பல வண்டிகளில் ஒரு இரும்புக் குழல் உண்டு. நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய இறுக்கத்தைக் கொடுக்கும். நசுக்க நீளமான குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்கும் அளவுக்குப் பலம் வேண்டும். ஆனால் எட்ட வேண்டிய இறுக்கமோ, பினியனைச் சுழற்றும்போது விரலுக்குத் தெரியும் மெல்லிய தடை மட்டும். அந்தத் தடையின் அளவை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து, டார்க் ரெஞ்சில் சரிபார்க்க வேண்டும். ஒரு நூல் அதிகம் போய்விட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கினது நசுங்கினதுதான், புதுக் குழல் போட்டு முதலிலிருந்து வர வேண்டும். ஆயில் சீல் மாற்ற நட்டைக் கழற்றிவிட்டு, அதே குழல் மேல் கண்ணை மூடிக்கொண்டு முறுக்குவதில் எத்தனையோ நல்ல பினியன்கள் வீணாகின்றன.

● பெரிய டயர் மாட்டினவர்கள் இழுவை குறைகிறது என்று கிரவுன் விகிதத்தை மாற்றுவார்கள். 3.55-ஐ எடுத்துவிட்டு 4.10 போட்டால், அதே டயரில், அதே இன்ஜின் வேகத்துக்கு வண்டி சுமார் 13 சதவீதம் மெதுவாக ஓடும். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் மீட்டரோ அதை அறியாது. வண்டி 80-ல் போக, மீட்டர் 92 காட்டும். நான்கு சக்கர டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் அதே விகிதம் போட்டாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

● சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்ற, மற்றது அசையாமல் நிற்பது சாதாரண டிஃபரன்ஷியலின் குணம். தடை குறைந்த பக்கம் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ, மற்ற பக்கத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். டிராக்டரில் இதற்குத்தான் காலடியில் லாக் மிதி. மஹிந்திரா தார் போன்றவற்றின் சில மாடல்களில் ஈட்டன் நிறுவனத்தின் தானியங்கி லாக் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கிலிருந்து தள்ளிவிடும். கீழே ஆள் இருந்தால் உயிர் போகும்.

● ஆக்சிலின் தலையில் மூக்குத்தி அளவில் ஒரு மூச்சுக்குழல் இருக்கிறது. அது மண்ணால் அடைபட்டால் உள்ளே சூடேறிய காற்று ஆயில் சீல் வழியே வெளியேறும், கூடவே ஆயிலும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் கசிவு நிற்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வெள்ள நீரில் இறங்கிய வண்டியில் கதை தலைகீழ்: சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் மாற்றுங்கள்.

● புதுக் கிரவுன் பினியன் போட்ட வண்டியை அன்றே சுமை ஏற்றி மலைக்கு ஓட்டிப் போகக் கூடாது. முதலில் மிதமான வேகத்தில் 25, 30 கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, ஆக்சிலில் கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை. முதல் 800 கிலோமீட்டர் வரை டிரெய்லர் இழுப்பது, பெரும்பாரம் ஏற்றுவது எதுவும் வேண்டாம். அது முடிந்ததும், ஆயில் பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, காந்தத்தைத் துடைத்து மாட்டுங்கள்.