ஒரு வீக்எண்டு சாப்பாட்டு பில் = 61 நாள் தடைக்கால நிவாரணம்!

இந்த வாரம் எங்க வீட்டு பில்லையே உங்க முன்னாடி பிரிச்சு வைக்கப் போறேன். கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா உங்கள்ல பாதிப் பேர் வீட்டுலயும் இதே பில்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

என் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினம். கிழக்குக் கடற்கரைச் சாலையில, மணமேல்குடிக்குத் தெற்கே இருக்கிற மீன்பிடி ஊர். அப்பா விசைப்படகுல கூலிக்குப் போறவர். நானும் என் மனைவியும் சென்னையில வேலை பார்க்கிறோம். ரெண்டு சம்பளம், குழந்தை இன்னும் இல்லை. அதனால வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சா "இன்னைக்கு எங்கே சாப்பிடலாம்?"ங்கிறதுதான் முதல் கேள்வி.

போன மே மாசம் ஒரு வீக்எண்டு இப்படிப் போச்சு:

- வெள்ளி இரவு, கடல் உணவு ஹோட்டல்: ₹2,564
- சனி காலை, காபியும் பிரெட் ஆம்லெட்டும்: ₹780
- சனி இரவு, ஆளுக்கு ₹1,099 பஃபே, வரியோட: ₹2,308
- ஞாயிறு மதியம், வீட்டுக்கு வரவழைச்ச பிரியாணி: ₹690
- ஞாயிறு மாலை, ஐஸ்கிரீம்: ₹460
- போக வர கார்: ₹1,120

மொத்தம் ₹7,922. அன்னைக்கு இதை நான் கூட்டியே பார்க்கலை. ஒவ்வொண்ணும் தனித்தனியா சின்னத் தொகையாத்தான் தெரிஞ்சுது.

ஞாயிறு ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, நிவாரணப் பணம் ஏறிடுச்சுப்பா. கடைக்காரருக்குப் பாதி கொடுத்துட்டேன். மீதியை வச்சு சமாளிச்சுக்கலாம்"னாங்க.

அது என்ன பணம்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மீன் இனப்பெருக்கத்துக்காகத் தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்கள்ல அப்பாவுக்கு வருமானம் கிடையாது. அதுக்காக அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற நிவாரணம் ₹8,000.

போனை வச்சதும்தான் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் கூட்டினேன். அம்மா 61 நாளைக்கு வச்சு ஓட்டப் போற தொகையை, வெறும் 78 ரூபாய் குறைய, நாங்க ரெண்டரை நாள்ல தின்னு முடிச்சிருந்தோம்.

"நாம தப்பா எதுவும் பண்ணலையேங்க, சம்பாதிச்சுத்தானே சாப்பிடுறோம்"னு மனைவி சொன்னா. உண்மைதான். வெளியே சாப்பிடுறது தப்பே இல்லை. ஆனா அந்த மாசம் ஊருக்கு அனுப்ப நினைச்ச 5,000-ஐ "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு தள்ளி வச்சிருந்தோம் பாருங்க, அதுதான் உறுத்துச்சு.

பில்லைத் திரும்பப் படிச்சப்போ

வெள்ளிக்கிழமை பில்லுல சாப்பாட்டு விலை ₹2,220தான். அதுமேல 10% சர்வீஸ் சார்ஜ் ₹222. ரெண்டையும் சேர்த்து அதுக்கு 5% ஜி.எஸ்.டி ₹122. அதாவது, சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து வரி கட்டியிருக்கோம்!

இங்கே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. ஜி.எஸ்.டி அரசு வரி, கட்டித்தான் ஆகணும். சாதாரண உணவகத்துல 5%. அறை வாடகை நாளைக்கு ₹7,500-ஐத் தாண்டுற பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்கிற உணவகம்னா 18%. ஆனா சர்வீஸ் சார்ஜ் வரியே இல்லை. அதை பில்லுல தானாகச் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில விதிமுறை கொண்டு வந்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சுல அதை உறுதி செஞ்சது. "இதை எடுத்துட்டு பில் கொடுங்க"ன்னு மரியாதையாக் கேளுங்க. மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. நான் அன்னைக்குக் கேட்டிருந்தா ₹233 மிச்சம். பரிமாறினவருக்கு மனசார ஏதாவது கொடுக்கணும்னா கையில கொடுங்க.

இன்னொண்ணு, பஃபே. ஆப்ல ஆஃபர் போட்டிருந்ததாலதான் போனோம். பசியே இல்லை. "400 ரூபாய் மிச்சம்"னு சந்தோஷப்பட்டோம். உண்மையில 2,308 ரூபாய் செலவு.

மூணாவது, கிரெடிட் கார்டு. முழுசாக் கட்டிட்டா பிரச்னை இல்லை. "மினிமம் டியூ" மட்டும் கட்டினா, பல கார்டுகள்ல மாசத்துக்கு 3 முதல் 4 சதவீதம் வட்டி. அதுக்கப்புறம் வாங்குற புதுச் செலவுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. போன மாசம் தின்ன பிரியாணிக்கு அடுத்த மாசமும் பணம் கட்டுற கதைதான்.

இப்போ என்ன பண்றோம்?

1. சாப்பாட்டுக்குத் தனி அக்கவுன்ட். சம்பளம் வந்த அன்னைக்கே அதுல ₹6,000 போட்டுடுவோம். வெளியே சாப்பிடுற எல்லாத்துக்கும் அதுல இருந்துதான் பணம். தீர்ந்துட்டா அந்த மாசம் ரசம் சாதம்.

2. மாசத்துக்கு ஒரே ஒரு பெரிய ஹோட்டல். எங்கேன்னு ஒரு மாசம் அவ முடிவு பண்ணுவா, ஒரு மாசம் நான். மத்த வாரம் நல்ல டிஃபன் கடை. சந்தோஷம் குறையலை. சொல்லப் போனா அந்த ஒரு நாளுக்குக் காத்திருக்கிறதே நல்லா இருக்கு.

3. "தடைக்கால ஆர்.டி." இது மனைவி வச்ச பேரு. பேங்க்ல 10 மாச ஆர்.டி, மாசம் ₹1,500. ஜூன்ல ஆரம்பிச்சு மார்ச்சுல கடைசித் தவணை. தடைக்காலம் தொடங்குறப்போ ₹15,000-மும் வட்டியும் அம்மா கையில இருக்கும். எங்க பழைய கணக்குப்படி, அது ரெண்டு வீக்எண்டு சாப்பாடு. அவ்வளவுதான்!

விஷயத்தைச் சொன்னப்போ அப்பா, "எனக்கு எதுக்குப்பா, நீங்க நல்லாச் சாப்பிடுங்க"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "வட்டி எவ்வளவு தர்றான்?"னு கேட்டார்.

கடைசியா உங்களுக்கு ஒரு கேள்வி. அப்பாவுக்காவது தடைக்காலம் என்னைக்கு வரும்னு தேதியோட தெரியும். நம்ம மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்கு வேலை போறதுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தேதி கிடையாது, நிவாரணமும் கிடையாது. அதனால இந்த ஞாயிறு ராத்திரி, மூணு நாள் பில்லையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க. அந்தத் தொகையில பாதியை உங்க தடைக்காலத்துக்குன்னு ஒதுக்க ஆரம்பிங்க. மீதிப் பாதியில நிம்மதியாச் சாப்பிடுங்க.