காட்டுச் சேவல் கழுத்தும் கிரேலிங் மீனும்!

ஆழியாறுல ஆரம்பிச்சு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போயிருக்கீங்களா? விடியற்காலைல டீத்தோட்ட ஓரமா ரோட்டைக் கடக்குமே, சாம்பல் நிறக் காட்டுச் சேவல்... அடுத்த தடவை பைக்கை ஓரங்கட்டிட்டு (ஹாரன் அடிக்காம!) அதோட கழுத்தை மட்டும் பாருங்க. ஒவ்வொரு இறகு நுனியிலும் மெழுகு சொட்டின மாதிரி வெள்ளை, மஞ்சள் பொட்டு. அந்தப் பொட்டுக்காகவே ஒரு காலத்துல இந்தப் பறவையைக் கொன்னு, கழுத்துத் தோலோட கப்பல் ஏத்தினாங்க.

எதுக்குங்கறீங்களா? மீன் பிடிக்க!

ஐரோப்பாவுல ட்ரவுட், சால்மன், கிரேலிங் பிடிக்கிற பல பேர் மண்புழு மாட்டுறதில்லை. தூண்டில் முள் மேல நூல், இறகு, உரோமம் சுத்தி பூச்சி மாதிரி கட்டுவாங்க. பேரு 'ஃப்ளை'. சால்மனுக்குக் கட்டுற 'ஜாக் ஸ்காட்', ட்ரவுட்டுக்குக் கட்டுற 'டங்கெல்ட்'... ரெண்டுலயும் மினுக்குறது நம்ம ஊர்ச் சேவலோட பொட்டுதான்.

ட்ரவுட் நமக்கும் புதுசில்லை. 1907-லயே ஹெச்.சி.வில்சன் நீலகிரி அவலாஞ்சியில ட்ரவுட் பொரிப்பகம் ஆரம்பிச்சார். வால்பாறைக்கு மேல இருக்கிற புல்மலை கோனலாறுலயும் எஸ்டேட் துரைமார் ட்ரவுட் விட்டாங்க. இப்போ அது புலிகள் காப்பகம். தூண்டிலோட அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க!

சரி, மேல்படிப்புக்கு இங்கிலாந்துல லீட்ஸ் பக்கம் போறீங்கன்னு வெச்சுக்குவோம். குளிர்காலத்துல ட்ரவுட் பிடிக்கத் தடை. ஆனா, பாய்மரம் மாதிரி முதுகுத் துடுப்பு வெச்ச கிரேலிங் அப்பத்தான் ஜோர். தூண்டில் லைசென்ஸும், ஆத்துக்குச் சொந்தக்காரங்களோட பெர்மிட்டும் எடுத்தாச்சா? இப்போ, என்ன ஃப்ளை கட்டுறது?

கடையில போனா கலர் கலரா கண்ணைப் பறிக்கும். ஏமாறாதீங்க பாஸ்... அதுல பாதி மீனைப் பிடிக்க இல்லை, நம்மளைப் பிடிக்க! கிரேலிங் வாய் சின்னது, கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும். பெரும்பாலும் ஆத்தோட அடியிலதான் மேயும். அதனால முள் 14, 16, 18 நம்பர்ல இருக்கணும் (நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், குழம்பிடாதீங்க). ஃப்ளை கீழே இறங்குற அளவு கனமும் வேணும்.

இதுல ஃப்ராங்க் சாயர்ங்கிற ஆறு காவலர்தான் நம்ம ஹீரோ. அவரோட 'ஃபெசன்ட் டெயில்' ஃப்ளைக்கு வேண்டியது ஃபெசன்ட் பறவையோட வால் இறகும், மெல்லிசான செம்புக் கம்பியும். நூல்கூட கிடையாது! கம்பியே கட்டும், கம்பியே கனமும் கொடுக்கும். 'கில்லர் பக்' இன்னும் எளிமை. கம்பி மேல கம்பளி நூல், அவ்வளவுதான். சாட்விக்ஸ் கம்பெனியோட 477-ம் நம்பர் நூலைத்தான் அவர் சுத்தினார். கம்பெனி அந்த நூலை நிறுத்தினதும் மிச்சம் மீதிக்கு ஆட்கள் அலைஞ்ச கதை தனி காமெடி.

மூணாவதா ஒண்ணு வேணும்னா 'ரெட் டேக்'. மயில் தோகை இழை உடம்பு, சிவப்புக் கம்பளி வால், கழுத்துக்குச் சேவல் இறகு.

'மயில் தோகைதானே, நம்ம தோப்புலயே கிடக்கே... அப்படியே காட்டுச் சேவல் இறகையும் பெட்டியில போட்டா என்ன?'ன்னு தோணுதா? வேண்டவே வேண்டாம். மயில் தோகையை ஏற்றுமதி பண்ணத் தடை இருக்கு. காட்டுச் சேவலுக்கு 1972-லருந்து வனவிலங்குச் சட்டம் காவல். 'கீழே கிடந்துச்சு சார்'னு ஏர்போர்ட்ல அழுதாலும் எடுபடாது. வெளிநாட்டுப் பண்ணைகள்ல வளர்க்கிற சேவல் இறகே அங்கே கடையில கிடைக்குது. தவிர, நாம பார்த்த மூணு ஃப்ளைக்கும் அந்தப் பொட்டு தேவையே இல்லை.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். வால்பாறை கூழாங்கல் ஆத்துல, தண்ணி குறைஞ்ச நாளா பார்த்து, கரையோரமா (முழங்காலுக்கு மேல இறங்காதீங்க, இழுத்துடும்) ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்க. மணலும் குச்சியும் ஒட்டின கூட்டுக்குள்ள குட்டிப் புழுக்கள், தட்டையா ஓடுற பழுப்புப் பூச்சிகள்... யார்க்‌ஷயர் கிரேலிங் மெனுவும் கிட்டத்தட்ட இதேதான். அளவையும் நிறத்தையும் நோட்டுல குறிச்சுக்கிட்டு, கல்லை இருந்த மாதிரியே வெச்சுட்டு வாங்க.