குதிரைத் தோலும் பொடிப் பூச்சியும்

குதிரையின் முதுகில் ஓர் இலையான் குந்தினாலே போதும், அந்த இடத்துத் தோல் வெடுக்கென்று துடிக்கும். தோலுக்கடியில் அதற்கென்றே ஒரு தசை உண்டு.

களனி கங்கை கடலைச் சேரும் மட்டக்குளிப் பக்கம்போல ஈரம் நிறைந்த இடங்கள், கியூலிகொய்டிஸ் என்ற பொடிப் பூச்சிக்குப் பிடித்தமானவை. அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒவ்வாது. பிடரியும் வாலடியும் அரிக்க, மரத்தில் உரசி உரசி மயிரையே உதிர்த்துவிடும். நெடுங்காலம் இந்தப் பூச்சியே இல்லாதிருந்த ஐஸ்லாந்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் குதிரைகள்தான், பாவம், அதிகம் அவதிப்படுகின்றன.

விடியலிலும் பொழுதுபடும் வேளையிலும் குதிரையை லாயத்துக்குள் கட்டி, மின்விசிறியைப் போட்டுவிடுவது நல்லது. பலமான காற்றில் இந்தப் பூச்சியால் பறக்க முடியாது. லாயமே காணாத நெடுந்தீவுக் குதிரைகளுக்குக் கடற்காற்று இலவசம்!

குளிப்பாட்டினால் சவர்க்காரம் மிஞ்சாமல் அலச வேண்டும். மிஞ்சினால் அதுவும் அரிக்கும்.