வெளியூர்த் தொழிலாளிக்கு யார் ஜாமீன்?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்கு ஒன்றில் மூட்டை சுமக்கிறார் ஒரு தமிழர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மாலை நடுத்தெருவில் கைகலப்பு. போலீஸ் ஜீப் வருகிறது. உள்ளூர்க்காரர் மூவரோடு அவரும் ஏற்றப்படுகிறார்.

மற்ற மூவருக்கும் அண்ணனோ மாமனோ நிலவரி ரசீதுடன் ஓடிவந்து ஜாமீன் நிற்கிறார்கள். தமிழருக்கோ உறவெல்லாம் தேனியில். காணி நிலம் இருந்தாலும் அதுவும் அங்கேதான். "உள்ளூரில் சொத்துள்ள ஆள் வேண்டும்" என்றால் அவர் எங்கே போவார்? குற்றம் நிரூபணமாகும் முன்பே சிறைவாசம்; கூலியும் போச்சு, வேலையும் போச்சு.

கொத்தனார் வழக்கு

இதற்கு 1978-ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு விடை சொல்லியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோதி ராமுக்கு அந்தக் கோர்ட்டு ஜாமீன் வழங்கியது. ஆனால் மாஜிஸ்திரேட்டோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். மோதி ராமின் சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார்.

விஷயம் மீண்டும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. விசாரித்தவர்களில் ஒருவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வேற்று மாநிலத்தில் கைதாகும் தமிழனும் மலையாளியும் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்கள் என்று அவர் தீர்ப்பில் கேட்டார். 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் கொத்தனாரை விடும்படி உத்தரவாயிற்று.

கிருஷ்ணய்யர் 1980-இல் ஓய்வு பெற்றபின் எர்ணாகுளத்திலேயே வாழ்ந்து, 2014-இல் காலமானார்.

ஒரு வாரக் கணக்கு

1-7-2024 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' அமலில் இருக்கிறது. அதன் 478-ஆம் பிரிவை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். தெருச் சண்டை போன்ற, ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில் ஜாமீன் பெறுவது உரிமை, சலுகை அல்ல. ஜாமீன்தாரர் கொடுக்க வசதியில்லாத ஏழையைச் சொந்த ஜாமீனில் விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், அவர் ஏழை என்று கொள்ள அதுவே போதும்.

பெரிய குற்றங்களில் ஜாமீன் தருவது கோர்ட்டின் முடிவு. அங்கும், ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக சுப்ரீம் கோர்ட்டு 31-1-2023-இல் வழிமுறைகள் வகுத்தது. 7 நாளில் விடுதலையாகாவிட்டால் சிறை அதிகாரி மாவட்ட சட்டப்பணி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தால் கோர்ட்டு தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அது சுட்டிக் காட்டியது.

கைதானால்

எதற்காகக் கைது என்பதைப் போலீஸ் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

மலையாளம் புரியாவிட்டால் தலையாட்டி வைக்கக் கூடாது. புரியவில்லை என்று மாஜிஸ்திரேட்டிடமே சொல்ல வேண்டும். படித்துச் சொல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவச வக்கீல் கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு இது சட்டப்படியான உரிமை. வெளியே இருக்கும் நண்பர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாநில சட்டப்பணி ஆணையத்தின் அலுவலகம் எர்ணாகுளத்தில் ஹைகோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் போதும்.

வாய்தா முக்கியம்

வெளியே வந்ததும் சொந்த ஊருக்கு ரயிலேறிவிடுவது பெரும் தவறு. வாய்தாவுக்கு வராவிட்டால் வாரண்டு வரும். எழுதிக் கொடுத்த தொகையும் பறிமுதலாகும். ஊருக்குப் போக வேண்டுமானால் வக்கீல் மூலம் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். 'வெளியூர்க்காரன் ஓடிவிடுவான்' என்பதுதான் ஜாமீனுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம். வாய்தா தவறாமல் வந்து நிற்பவரிடம் அந்த வாதம் எடுபடாது.